நார்தோவின் ஆயர் கொலோனில் என்ன செய்துகொண்டிருந்தார்?

வினா – எழுதியவர்: ஏடறிவோன்

அனைவருக்கும் வணக்கம். பதினேழாம் நூற்றாண்டில் திருத்தந்தையரின் (போப்பாண்டவர்களின்) பணியில் இருந்த கர்தினால்கள், ஆயர்கள் ஆகியோரைப் பற்றிய சுருக்கமான வாழ்க்கைக் குறிப்புகளைத் தமிழில் தொகுத்து வருகிறேன். இருபதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதி முடித்த பிறகுதான், நான் எழுதியவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது எனக்கு உறைத்தது.

பின்னாளில் ஏழாம் அலெக்சாண்டர் என்ற பெயரில் திருத்தந்தையான ஃபாபியோ கீஜியை எடுத்துக்கொள்ளுங்கள். இவர் 1635-இல் இத்தாலியத் தீபகற்பத்தின் தென்கோடியில் உள்ள நார்தோ மறைமாவட்டத்தின் ஆயராக நியமிக்கப்பட்டார். அப்போது இவர் மால்டாவில் திருப்பீடத்தின், அதாவது திருத்தந்தையின் ஆட்சிமன்றத்தின், விசாரணையாளராக இருந்தார். 1639-இல் கொலோன் நகருக்குத் திருப்பீடத் தூதராகச் சென்றார். 1651 வரை செர்மானிய மண்ணிலேயே இருந்தார். "நார்தோ ஆயராகப் பணியாற்றினார்" என்று நான் எழுதிவைத்திருந்த வரியை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் அங்கே என்ன பணியாற்றினார்?

இன்னொரு பக்கம், கர்தினால் மசரீனி குருத்துவத் திருநிலைப்பாடே (குருவாக்கும் திருச்சடங்கே) பெறாதவர் என்று படிக்கிறேன். மூன்றாவதாக, "தெசலோனிக்கா பேராயர்", "கிறிசோபோலிஸ் ஆயர்" என்றெல்லாம் பட்டங்கள் வருகின்றன. அந்தக் காலத்தில் அந்த ஊர்கள் ஒட்டோமான் ஆட்சியில் இருந்தன. பதினாறாம் நூற்றாண்டில் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் மாமன்றமான திரெந்துப் பொதுச்சங்கம் ஆயர்கள் தங்கள் மறைமாவட்டத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்று கட்டளையிட்டதாகவும் படித்திருக்கிறேன். ஆயர், கர்தினால் என்ற சொற்கள் அந்த நூற்றாண்டில் உண்மையில் எதைக் குறித்தன? என் குறிப்புகளில் இவற்றை எப்படி எழுதினால் படிப்பவரைத் தவறாக வழிநடத்தாமல் இருக்கும்?

மறுமொழி 1 – எழுதியவர்: பழஞ்சுவடி

நல்ல இடத்தில் நின்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குழப்பத்துக்குக் காரணம், திருநிலைப்பாடு, பதவி, வருவாய் என்ற மூன்றையும் இன்று நாம் ஒன்றாகவே நினைத்துப் பழகியிருப்பதுதான். அன்றைய உரோமையில் அவை மூன்றும் தனித்தனி இழைகள். ஒரே மனிதரிடத்தில் மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம், பிரிந்தும் இருக்கலாம்.

கர்தினால் என்பது திருநிலைப்பாடு அன்று; அது ஒரு மாண்பு, ஓர் அவையின் உறுப்புரிமை. ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1586-இல் கர்தினால்களின் எண்ணிக்கையை 70 என்று வரையறுத்தார். அவர்களுள் 6 பேர் கர்தினால்-ஆயர், 50 பேர் கர்தினால்-குரு, 14 பேர் கர்தினால்-திருத்தொண்டர். கர்தினால்-ஆயர் என்ற அறுவரும் ஓஸ்தியா, அல்பானோ, ஃபிராஸ்காத்தி போன்ற, உரோமையைச் சுற்றியுள்ள தொன்மையான மறைமாவட்டங்களுக்கு உரியவர்கள். மற்றவர்களுக்கு உரோமை நகரின் ஓர் ஆலயம் பெயரளவில் ஒதுக்கப்படும். எனவே, கர்தினால்-குரு என்று அழைக்கப்படுபவர் மிலான் நகரின் பேராயராக இருக்கலாம். கர்தினால்-திருத்தொண்டர் என்று அழைக்கப்படுபவர் குருவாகவே திருநிலைப்படுத்தப்படாதவராகவும் இருக்கலாம். உங்கள் பட்டியலில் இந்தச் சொற்களைக் கண்டால், அவை அவையில் அவருக்குரிய வரிசையைக் காட்டுகின்றன என்று மட்டும் கொள்ளுங்கள்.

அதே சிக்ஸ்துஸ் 1588-இல் கர்தினால்களை 15 பேராயங்களாக (துறைக் குழுக்களாக) பிரித்து, உரோமையின் ஆட்சியை அவற்றிடம் ஒப்படைத்தார். இதன் விளைவு பதினேழாம் நூற்றாண்டு முழுவதும் தெரிகிறது. முன்பு திருத்தந்தையோடு முழு அவையாக அமர்ந்து ஆலோசனை கூறிய கர்தினால்கள், இப்போது துறைவாரியாகக் கோப்புகளைப் பார்க்கும் ஆட்சியாளர்களாக மாறினர். சிலர் பொலோஞ்ஞா, ஃபெராரா போன்ற திருத்தந்தை நாட்டு நகரங்களுக்கு ஆளுநர்களாக அனுப்பப்பட்டனர். பொலோஞ்ஞாவுக்கு ஒரு பேராயரும் இருந்தார், திருத்தந்தையின் பெயரால் ஆண்ட கர்தினால் ஒருவரும் இருந்தார் என்பதை மறந்துவிட்டால் அந்த நகரத்தின் வரலாறே புரியாது.

இனி உங்கள் கீஜிக்கு வருகிறேன். திருப்பீடத் தூதர் என்பவர் ஓர் அரசவையில் திருத்தந்தையின் அரசியல் தூதர் மட்டுமல்லர். திருமணத் தடை நீக்கம், மேல்முறையீடு, துறவுமடங்களைப் பார்வையிடுதல் என்று திருச்சபையின் ஆளுகை அதிகாரமும் அவருக்கு உண்டு. தம்மைவிட உயர்ந்த நிலையில் உள்ள பேராயர்கள் நடுவில் அந்த அதிகாரத்தைச் செலுத்த வேண்டியவர் வெறும் குருவாக இருந்தால் யார் மதிப்பார்கள்? கொலோன் பேராயரோ பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற இளவரசர். ஆகவே தூதராகப் போகிறவருக்கு ஆயர் நிலை தேவைப்பட்டது. நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்குக் கையாண்ட எளிய வழி, இத்தாலியின் சிறு மறைமாவட்டம் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிடுவதுதான். தெற்கு இத்தாலியில் அப்படிப்பட்ட சிறு மறைமாவட்டங்கள் ஏராளம். அதன் வருவாய் அவருடைய செலவுக்கு உதவும். பட்டம் அவருக்கு மதிப்பைத் தரும். அங்குள்ள அன்றாட வேலையை ஒரு முதன்மைக் குரு கவனித்துக்கொள்வார்.

கீஜி கொலோனில் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முப்பதாண்டுப் போரை முடிப்பதற்கான பேச்சுவார்த்தை மூன்ஸ்தர் நகரில் நடந்தபோது, 1644 முதல் அவர் அங்கே நடுவராக அமர்ந்தார். வெனிஸ் குடியரசின் அல்விசே கொந்தாரினி இன்னொரு நடுவர். பகைநாட்டுத் தூதர்கள் நேருக்கு நேர் அமர்ந்து பேசவில்லை. ஒரு தரப்பின் முன்மொழிவை நடுவர் வாங்கிக்கொண்டு போய் மறுதரப்பிடம் கொடுத்து, அதன் பதிலை வாங்கி வருவார். ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. புரட்டஸ்டண்டுத் தூதர்களோடு நேரடியாகப் பேசுவதில்லை என்பதில் கீஜி உறுதியாக இருந்தார். அந்த நகரத்தின் ஓயாத மழையைப் பற்றி இலத்தீனில் கவிதை எழுதினார். 1648-இல் உடன்படிக்கை ஆனபோது, கத்தோலிக்கத் திருச்சபையின் சொத்துகளும் உரிமைகளும் அதில் விட்டுக்கொடுக்கப்பட்டதால் அதை எதிர்த்துத் தம் மறுப்பைப் பதிவு செய்தார். பத்தாம் இன்னசென்ட்டும் 1648 நவம்பர் 26 என்று நாளிட்ட மடலில் அந்த விதிகள் செல்லாதவை என்று அறிவித்தார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் கீஜியின் உழைப்பை உரோமை மறக்கவில்லை. 1651-இல் அவரை அழைத்துத் திருப்பீடச் செயலராக்கினார்கள், அடுத்த ஆண்டு கர்தினால், 1655-இல் திருத்தந்தை.

என் கருத்து இது: அவரை நார்தோவின் ஆயர் என்பதைவிட, நார்தோவின் பெயரால் ஆயர் நிலை பெற்ற தூதர் என்பதே சரி. அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் மூன்ஸ்தர் நடுவில் இருக்க வேண்டும். நார்தோ ஒரு வரியில் முடிந்துவிடலாம்.

மறுமொழி 2 – எழுதியவர்: திருமணியோசை

பழஞ்சுவடி ஐயா எழுதியவை அனைத்தும் உண்மையே. ஆனால் அவருடைய கடைசி வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நார்தோ ஒரு வரியில் முடிந்துவிடக் கூடாது.

1647-இல் நேப்பிள்ஸ் அரசெங்கும் வரிச்சுமைக்கு எதிராகக் கலகம் மூண்டது. நார்தோ மக்கள் தங்களை ஆண்ட கொன்வெர்சானோ கோமகனுக்கு எதிராக எழுந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் கோமகன் திரும்பிவந்து பழிதீர்த்துக்கொண்டபோது கொல்லப்பட்டவர்களுள் பேராலயக் குழுவைச் சேர்ந்த குருக்களும் இருந்தார்கள். ஆயருடைய சொந்தப் பேராலயத்தில், ஆயரோடு அமர்ந்து திருப்புகழ் பாட வேண்டிய குருக்கள் அவர்கள். அந்த வேளையில் அவர்களுடைய ஆயர் மூன்ஸ்தரில் ஒரு தரப்பின் தாளை மறுதரப்புக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். ஐரோப்பாவின் அமைதிக்காகத்தான் அவர் அங்கே இருந்தார் என்பதை மறுக்கவில்லை. அவர் நார்தோவில் இருந்திருந்தால் கொலைகள் நடந்திருக்காது என்றும் நான் வாதிடவில்லை. ஆயினும் ஒரு மறைமாவட்டத்தைச் சம்பளப் பட்டியலின் ஒரு வரியாக உரோமை கருதியபோது, அந்த வரிக்குள் மனிதர்கள் இருந்தார்கள் என்பதை உங்கள் குறிப்பு சொல்ல வேண்டும்.

திரெந்துப் பொதுச்சங்கம் இதை அறிந்தே சட்டம் இயற்றியது. 1563-இல் அதன் 23-ஆம் அமர்வு, ஆண்டுக்கு இரண்டு மாதங்கள், மிஞ்சினால் மூன்று மாதங்களுக்கு மேல் ஆயர் தம் மறைமாவட்டத்தை விட்டுப் பிரிந்திருக்கக் கூடாது என்று விதித்தது. விலக்குகளும் அதே இடத்தில் உள்ளன: கிறிஸ்தவ அன்பு, அவசரத் தேவை, கடமைக்குரிய கீழ்ப்படிதல், திருச்சபைக்கோ நாட்டுக்கோ வெளிப்படையான நன்மை. கீழ்ப்படிதல் என்ற அந்த ஒரு சொல்லில்தான் கதவு திறந்திருந்தது. திருத்தந்தையே தூதராகப் போகச் சொன்னால் ஆயர் போவது கீழ்ப்படிதல். ஆகவே அது விதிமீறல் ஆகாது. எட்டாம் அர்பன் 1634-இல் தங்கியிருக்கும் கடமையை மீண்டும் கண்டிப்போடு வலியுறுத்தினார். மறு ஆண்டே, மால்டாவில் இருந்த கீஜிக்கு நார்தோவைக் கொடுத்தவரும் அவரேதான்!

இதே மூன்ஸ்தரில் இன்னொருவரும் இருந்தார். வெனிஸ் தூதர் கொந்தாரினியோடு சென்றிருந்த, இருபது வயதை ஒட்டிய கிரகோரியோ பர்பரிகோ. கீஜிக்கும் அவருக்கும் அங்கேதான் பழக்கம் ஏற்பட்டது. கீஜி திருத்தந்தையான பின், புதிதாகக் குருவாகியிருந்த பர்பரிகோவை உரோமைக்கு அழைத்தார். 1656-இல் கொள்ளைநோய் உரோமையைத் தாக்கியபோது, திராஸ்தேவெரே பகுதியில் நோயுற்றோருக்கு உதவி செய்யும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். 1657-இல் பெர்காமோ ஆயர், 1660-இல் கர்தினால், 1664-இல் பதுவா ஆயர். பதுவாவில் அவர் 1697-இல் இறக்கும்வரை, முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயராக இருந்தார். பங்குகளை நேரில் போய்ப் பார்த்தார். குருமடத்தைப் புதிதாக உருவாக்கினார். கிழக்கத்திய மொழிகளின் எழுத்துகளோடு அதற்கென்று ஓர் அச்சகம் நிறுவினார். திருத்தந்தைத் தேர்தலுக்கு உரோமை செல்வார். முடிந்ததும் பதுவாவுக்குத் திரும்பிவிடுவார். 1960-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

பர்பரிகோவும் கர்தினால்தான், கீஜியின் கையால் உயர்ந்தவர்தான். ஆகவே அந்தக் காலமே அப்படி என்று சொல்லி எல்லாரையும் ஒரே கூடையில் போடுவது, மறைமாவட்டத்தை விட்டு அகலாமல் உழைத்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஏடறிவோன்

இருவருக்கும் மிக்க நன்றி. நார்தோவில் நடந்த கொலைகளைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. அதைப் படித்தபின் நீண்ட நேரம் எழுத முடியவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. தூதருக்கு ஆயர் நிலை தேவை என்றால், மக்கள் இல்லாத பழைய மறைமாவட்டத்தின் பெயரைக் கொடுத்திருக்கலாமே? கிறிசோபோலிஸ் போன்ற பட்டங்கள் அதற்காகத்தானா? மசரீனியைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும்.

மறுமொழி 3 – எழுதியவர்: கடலோடி

உங்கள் ஊகம் சரியானது. நூற்றாண்டு நடுப்பகுதியிலிருந்து உரோமை அந்த வழிக்குத்தான் வந்துசேர்ந்தது. பிரான்செஸ்கோ புவோன்விசி 1670-இல் தெசலோனிக்காவின் பேராயர் என்ற பட்டத்தோடு கொலோனுக்குத் தூதராகச் சென்றார். பிறகு வார்சா, பிறகு வியன்னா. 1683-இல் வியன்னா முற்றுகையின்போதும், அதன்பின் 1684-இல் பேரரசர், போலந்து, வெனிஸ் ஆகியோர் ஒட்டோமான்களுக்கு எதிராகக் கூட்டணி அமைத்தபோதும் திருப்பீடத்தின் சார்பில் அயராது உழைத்தவர் இவர். தூதுப்பணி முடிந்து 1690-இல்தான் லுக்கா நகரின் ஆயரானார். அதாவது, பணியில் இருக்கும்வரை மக்களற்ற பட்டம். மக்களுள்ள மறைமாவட்டம் கிடைத்தபின் அங்கே குடியிருப்பு. கீஜியின் காலத்து ஏற்பாட்டைவிட இது எவ்வளவோ நேர்மையானது.

ஆனால் இந்தப் பட்டம் சார்ந்த ஆயர் என்ற நிலைக்கு ஐரோப்பிய அரசவைகளைவிடப் பெரிய பயன்பாடு ஒன்று இருந்தது. அது நம் பக்கத்துக் கடற்கரைகளைத் தொடுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பதினைந்தாம் கிரகோரி 1622-இல் விசுவாசப் பரப்புதல் பேராயத்தை நிறுவினார். 13 கர்தினால்கள், அவர்களோடு இரண்டு உயர் அலுவலர்கள், ஒரு செயலர். அந்த முதல் செயலர் பிரான்செஸ்கோ இங்கோலி, 1649-இல் இறக்கும்வரை அந்த இருக்கையிலேயே இருந்தார். உலகின் மூலைமுடுக்குகளிலிருந்து வந்த கடிதங்களைப் படித்துப் படித்து அவர் கண்ட உண்மை, கீழைநாடுகளின் மறைப்பணி போர்ச்சுகல், ஸ்பெயின் மன்னர்களின் பிடியில் இருக்கிறது என்பதுதான். போர்ச்சுகல் மன்னருக்குரிய பாதுகாவல் உரிமையின்படி, ஆசியாவில் அந்த உரிமைக்குட்பட்ட எந்த மறைமாவட்டத்துக்கும் ஆயரை முன்மொழிபவர் அவரே. அவரைக் கேட்காமல் உரோமை அங்கே ஒரு மறைமாவட்டத்தைக்கூடப் புதிதாக நிறுவ முடியாது.

இதற்கு உரோமை கண்டுபிடித்த வழியில் சட்ட நுட்பம் இருக்கிறது. ஒருவரைத் தொலைதூரத்துப் பழைய மறைமாவட்டம் ஒன்றின் பட்டத்தோடு ஆயராகத் திருநிலைப்படுத்திவிடுவது. அவரைத் திருத்தந்தையின் நேரடிப் பதிலாளாக, அப்போஸ்தலிக்க விகாரியாராக, ஒரு நிலப்பகுதிக்கு அனுப்புவது. புதிய மறைமாவட்டம் எதுவும் நிறுவப்படவில்லை. ஆகவே மன்னரின் உரிமையும் ஏட்டளவில் மீறப்படவில்லை.

கிறிசோபோலிஸ் பட்டத்தைப் பெற்றவர் மத்தேயு தே காஸ்ட்ரோ. கோவாவின் திவார் தீவில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். கோவாவில் அவருக்குக் குருத்துவம் மறுக்கப்பட்டது. அவர் உரோமைக்கே போனார். பேராயத்தின் கல்லூரியில் படித்துக் குருவானார். 1637-இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, பிஜப்பூர் சுல்தானின் நாட்டுக்கு அப்போஸ்தலிக்க விகாரியாராக அனுப்பப்பட்டார். இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர் அவர். தம்மைக் குருவாக்க மறுத்த ஊருக்கு ஆயராகத் திரும்பிவந்த அவரைப் போர்ச்சுகீசிய அதிகாரிகள் ஆயராகவே ஏற்க மறுத்தார்கள். இங்கோலி இறுதிவரை அவருக்குத் துணைநின்றார். உங்கள் தொகுப்பில் கிறிசோபோலிஸ் என்ற பெயரை விளக்காமல் விட்டால், அந்த மனிதருடைய போராட்டம் முழுவதும் மறைந்துபோகும்.

இங்கே கீஜி மீண்டும் வருகிறார். அவர் திருத்தந்தையாகும் முன்பே, மலபாரின் புனித தோமா கிறிஸ்தவர்கள் 1653-இல் மட்டாஞ்சேரியில் கூனன் குருசு சத்தியம் எடுத்து இயேசு சபையினரின் ஆளுகையை உதறியிருந்தனர். பிளவைச் சீர்செய்ய, திருத்தந்தையானபின் கீஜி கார்மேல் துறவி ஜோசப் செபஸ்தியானியை அனுப்பினார். அவர் நிலைமையைப் பார்த்துவிட்டு உரோமை திரும்பி, 1659-இல் ஹியராப்போலிஸ் பட்டத்தோடு ஆயராகி மீண்டும் வந்தார். 1663-இல் கொச்சி ஓலாந்தரிடம் (டச்சுக்காரரிடம்) வீழ்ந்தது. செபஸ்தியானி வெளியேற வேண்டும் என்று ஓலாந்தர் கட்டளையிட்டனர். கப்பல் ஏறும் முன் அவர் செய்த வேலை, பறம்பில் சாண்டி என்ற உள்ளூர்க் குருவை மெகாரா என்ற கிரேக்க ஊரின் பட்டத்தோடு ஆயராகத் திருநிலைப்படுத்தியது. ஐரோப்பியர் யாரும் நிற்க முடியாத இடத்தில் திருச்சபை தலைவனின்றிப் போகாமல் அந்த வெற்றுப் பட்டம் காத்தது.

1658–60-இல் அதே அலெக்சாண்டர் பிரெஞ்சுக் குருக்கள் மூவரை இவ்வாறே ஆயர்களாக்கி, தொங்கின், கொச்சின்சீனா (இரண்டும் இன்றைய வியட்நாமில்), சீனா ஆகிய இடங்களுக்கு அனுப்பினார். பிரான்சுவா பல்லு சீன மண்ணில் இறந்தார். லம்பேர் தெ லா மோத் சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) அயுத்தியாவில் இறந்தார். இக்னாசு கோத்தொலாந்தி மசூலிப்பட்டினத்துக்கு அருகே பாலக்கோலில் 1662-இல் இறந்தார், சீனாவைப் பார்க்கவே இல்லை. 1659-இல் பேராயம் கொடுத்த அறிவுரையில், அந்தந்த நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களை, அவை சமயத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் வெளிப்படையாக முரணாக இல்லாதவரை, மாற்றச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாக எழுதப்பட்டிருந்தது. நார்தோவுக்குப் போகாத ஆயர், திருத்தந்தையானபின் இப்படிப்பட்டவர்களை அனுப்பினார். இதில் அவருடைய மனவேதனை ஏதும் இருந்ததா என்று நான் ஊகிக்க மாட்டேன். இரண்டும் ஒரே வாழ்க்கைக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 4 – எழுதியவர்: கணக்காயர்

மசரீனியைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். ஜூலியோ மசரீனி திருத்தந்தையின் பணியில்தான் வளர்ந்தார். 1630 அக்டோபரில் காசாலே கோட்டைக்கு முன் பிரெஞ்சுப் படையும் ஸ்பானியப் படையும் மோதத் தயாராக நின்றபோது, "அமைதி, அமைதி" என்று கூவியபடி இரு படைகளுக்கும் நடுவே குதிரையில் பாய்ந்து சென்றவர் இவர். அவிஞ்ஞோனில் துணை ஆளுநராகவும், பாரிஸில் சிறப்புத் தூதராகவும் திருப்பீடத்துக்குப் பணியாற்றினார். பின்னர் பிரெஞ்சு மன்னரின் பணிக்கு மாறினார். 1641-இல் அந்த மன்னரின் பரிந்துரையால் கர்தினால் ஆனார். குருத்துவம் பெறவே இல்லை. 1655 தேர்தலில் கீஜி திருத்தந்தையாவதைத் தொடக்கத்தில் எதிர்த்தவரும் இவரே. அவர் எதிர்ப்பைக் கைவிட்ட பிறகுதான், ஏறத்தாழ எண்பது நாள்கள் நீண்ட தேர்தல் முடிந்தது.

குருத்துவம் பெறாத கர்தினால்கள் பதவியைத் துறந்து திருமணம் செய்துகொள்ளவும் முடிந்தது. பத்தாம் இன்னசென்ட்டின் அண்ணன் மகன் கமில்லோ பம்ஃபீலி 1644-இல் கர்தினாலானார். 1647-இல் துறந்து ஒலிம்பியா அல்தோபிராந்தினியை மணந்தார். போலந்து அரச குடும்பத்தின் யான் கசிமிர் 1646-இல் கர்தினாலாகி, பின்னர் அதைத் துறந்து, 1648-இல் மன்னரானார்.

யாரும் இதுவரை பணத்தைப் பற்றி எழுதாததால் நான் எழுத வேண்டியிருக்கிறது. திருத்தந்தையின் உறவினரைக் கர்தினாலாக்கி ஆட்சிப் பொறுப்பை ஒப்படைப்பது அன்று முறையான ஒரு பதவியாகவே இருந்தது. தூதர்களின் கடிதங்கள் அவருடைய பெயருக்கே வரும். பதில்களிலும் அவரே கையெழுத்திடுவார். ஐந்தாம் பவுலின் சகோதரி மகன் சிபியோனே போர்கேசேயின் ஆண்டு வருவாய் 1612-இல் ஏறத்தாழ 140,000 ஸ்கூதி (அக்காலத்து உரோமை நாணயம்) என்று வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அந்தத் தொகை ஒரே ஊற்றிலிருந்து வந்ததன்று. துறவிகளோடு ஒருநாளும் வாழாமலே பெற்ற துறவுமடத் தலைமைகள், பிற மறைமாவட்டங்களின் வருவாயிலிருந்து ஒதுக்கப்பட்ட ஓய்வூதியங்கள், உரோமை அலுவலகப் பதவிகள் என்று பல ஓடைகள் சேர்ந்த ஆறு அது. ஒரு மலைக்கிராமத்து மடத்தின் ஒலிவ எண்ணெய் விற்ற காசு உரோமையில் ஒரு மாளிகையின் பளிங்குக் கல்லாக மாறியது இந்த வழியில்தான்.

கமில்லோ விலகியபோது, தகுதியான உறவினர் இன்றி இன்னசென்ட் தடுமாறினார். 1650-இல் உறவினரல்லாத கமில்லோ அஸ்தல்லியைத் தத்தெடுத்து அந்த இடத்தில் அமர்த்தினார். அது நீடிக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் திருப்பீடச் செயலர் பதவி வலுப்பெற்றது. கீஜி அங்கே வந்து அமர்ந்தார். திருத்தந்தையானதும் தம் உறவினர்கள் உரோமைக்கு வரக் கூடாது என்று தடுத்த அவரே, ஓராண்டுக்குப் பின் கர்தினால்களின் கருத்தைக் கேட்டு அவர்களை வரவழைத்தார். அண்ணன் மகன் ஃபிளாவியோ கீஜி 1657-இல் கர்தினாலானார். இந்தப் பழக்கத்துக்கு 1692-இல்தான் பூட்டுப் போடப்பட்டது. உறவினர் ஒருவருக்கு மேல் கர்தினாலாகக் கூடாது, அவருக்கும் ஆண்டு வருவாய் 12,000 ஸ்கூதியைத் தாண்டக் கூடாது என்று பன்னிரண்டாம் இன்னசென்ட் சட்டம் இயற்றினார். 140,000-ஐயும் 12,000-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த இன்னசென்ட், அந்தோனியோ பிக்னத்தெல்லி என்ற பெயரில், லாரிசா பேராயர் என்ற பட்டத்தோடு பிளாரன்ஸ், வார்சா, வியன்னா ஆகிய இடங்களில் தூதராக உழைத்தவர். அதன்பின் நார்தோவுக்கு அருகிலுள்ள லெச்சேயின் ஆயராக இருந்தவர்.

பழஞ்சுவடி

திருமணியோசை அவர்கள் என்னைத் திருத்தியது சரி. நார்தோ ஒரு வரியில் முடிய வேண்டும் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு நடைமுறை யோசனை மட்டும்: ஒவ்வொருவருக்கும் "பட்டம்", "வாழ்ந்த இடம்", "செய்த பணி" என்ற மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். ஆயர் என்ற சொல் வருமிடத்தில் அவர் அங்கே குடியிருந்தாரா, பெயரளவில் மட்டுமா என்பதை அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கர்தினால்-குரு, கர்தினால்-திருத்தொண்டர் என்பவற்றை ஒருபோதும் குரு, திருத்தொண்டர் என்று சுருக்கிவிடாதீர்கள்.

ஏடறிவோன்

கீஜியின் குறிப்பை இன்று காலை மாற்றி எழுதினேன். தவறு இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்:

"ஃபாபியோ கீஜி 1635 முதல் 1652 வரை நார்தோ மறைமாவட்டத்தின் ஆயர் என்ற பட்டத்தையும் அதன் வருவாயையும் பெற்றிருந்தார், அந்த ஆண்டுகளில் மால்டாவிலும், கொலோனிலும், மூன்ஸ்தரிலும், இறுதியாக உரோமையிலும் திருப்பீடத்துக்குப் பணியாற்றினார். முப்பதாண்டுப் போரை முடித்த பேச்சுவார்த்தையில் அவர் நடுவராக இருந்த 1647-ஆம் ஆண்டில், நார்தோவில் மூண்ட கலகம் ஒடுக்கப்பட்டபோது அவருடைய பேராலயக் குழுவின் குருக்கள் சிலர் கொல்லப்பட்டனர். 1655-இல் ஏழாம் அலெக்சாண்டர் என்ற பெயரில் திருத்தந்தையானார். பர்பரிகோவைப் பெர்காமோவுக்கும் பதுவாவுக்கும், செபஸ்தியானியை மலபாருக்கும், பல்லுவையும் லம்பேரையும் கோத்தொலாந்தியையும் கீழைநாடுகளுக்கும் ஆயர்களாக அனுப்பியவர் இவரே."

அடுத்து தே காஸ்ட்ரோவின் குறிப்பை எடுக்கிறேன். "கிறிசோபோலிஸ் ஆயர்" என்று தொடங்கியிருந்த முதல் வரியை அழித்துவிட்டேன். அது இப்போது திவார் தீவில் தொடங்குகிறது.